மறுநடவுக்கு யார் கடன் தருவது? இலங்கை மீட்சியில் வளர்ச்சி வங்கிகளின் உத்தி: பந்தலூர்ப் பக்கமிருந்து ஓர் ஆய்வு

2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைக் கட்டுவதை நிறுத்தியது. அதற்கு நான்கு நாள் முன்புதான் அதன் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே அடியாக 7 விழுக்காட்டுப் புள்ளி ஏற்றியிருந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டாலர், மே மாதத்தில் 360 ஆனது. செப்டம்பரில் விலைவாசி ஏற்றம் ஏறக்குறைய 70 விழுக்காடு. பொருளாதாரம் அந்த ஆண்டு 7 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கி, அடுத்த ஆண்டும் சுருங்கி, 2024-ல் 5 விழுக்காடு வளர்ந்தது.

பன்னாட்டு நாணய நிதியம் 2023 மார்ச் 20-ல் 48 மாதத் திட்டமாக ஏறக்குறைய 300 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டது. உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் பின்னாலேயே வந்தன. ஆசிய வளர்ச்சி வங்கி 2024 முதல் 2028 வரைக்கான தன் நாட்டு உத்தியில் மூன்று வேலைகளை எழுதி வைத்திருக்கிறது: அரசின் நிதி நிர்வாகத்தைச் சீர்செய்வது, தனியார் தொழிலையும் பசுமை வளர்ச்சியையும் ஊக்குவிப்பது, பருவநிலை மாற்றத்தைத் தாங்கும் பொதுச் சேவைகளை எல்லோருக்கும் எட்ட வைப்பது. காகிதத்தில் இதற்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை எங்கே வரும் என்பதை ஒரு ஏக்கர் தேயிலையில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். கிழட்டுத் தேயிலைச் செடியைப் பிடுங்கிப் புதுச்செடி நடும் மறுநடவுக்குக் கடன் போய்ச்சேரும் வழியைப் பின்தொடர்ந்து இந்த ஆய்வு அதைத்தான் செய்கிறது.

தேயிலையை எடுத்ததற்குக் காரணம் உண்டு. இலங்கைக்கு ஆண்டுக்கு 130 கோடி டாலருக்கு மேல் கொண்டுவரும் பயிர் அது. அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு விளைச்சல் சிறுதோட்டக்காரர்களுடையது. நீலகிரியில் வயநாட்டு எல்லையில் இருக்கும் பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளி, தேவாலாப் பக்கத்து வாசகர்களுக்கு இன்னொரு காரணமும் சொல்லாமலே விளங்கும். 1964 அக்டோபர் 30 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதிக்கொடுத்தது. அவர்களுக்காக இங்கே டேன்டீ என்ற தமிழ்நாடு அரசுத் தேயிலை நிறுவனத்தின் தோட்டங்கள் வந்தன. கேரளத்தில் புனலூரை மையமாக வைத்து 1976-ல் மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் ரப்பர் நட்டது. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியவர்களுக்கென்றே 1969-ல் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. நெருக்கடியில் வேர் பிடுங்கப்பட்ட மக்களுக்கு வளர்ச்சிக் கடன் கொடுத்தால் ஐம்பது ஆண்டில் என்ன ஆகும் என்பதற்கு இந்த மலையே ஒரு சான்று.

முதல் கட்டம்: உயிர் பிடித்து வைப்பது

2022-ல் வளர்ச்சி வங்கிகள் செய்தது வளர்ச்சி வேலையே அல்ல. ஏற்கெனவே ஒப்புதலாகி, செலவாகாமல் கிடந்த திட்டங்களின் பணத்தை உலக வங்கி மருந்துக்கும் சமையல் எரிவாயுவுக்கும் உரத்துக்கும் திருப்பிவிட்டது. புதுக் கடனுக்குப் பல மாதம் ஆகும். பழைய கடனின் தலைப்பை மாற்றச் சில வாரம் போதும். இந்தியாவின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கியான எக்சிம் வங்கி யூரியாவுக்கென்று 5.5 கோடி டாலர் கடன் கொடுத்தது. தமிழ்நாட்டு அரசு அனுப்பிய 9,000 டன் அரிசியும் 200 டன் பால் பவுடரும் மருந்தும் மே 18 அன்று சென்னையிலிருந்து கப்பலேறியதை இங்கே பலரும் மறந்திருக்க மாட்டார்கள்.

உரம் ஏன் இவ்வளவு அவசரம்? 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை விலகினாலும் உரம் வாங்க டாலர் இல்லை. 2021-ல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022-ல் 25 கோடிக்கு இறங்கியது. உரம் கிடைத்த பிறகும் அது உடனே ஏறிவிடவில்லை. இரண்டு ஆண்டு பட்டினி கிடந்த செடி ஒரு மூட்டை யூரியாவில் நிமிராது என்பது கொழுந்து பறிக்கிற யாருக்கும் தெரிந்ததுதான்.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். இலங்கை நிறுத்தியது பிற அரசுகளின் கடனையும் சந்தைக் கடனையும்தான். உலக வங்கிக்கும் ஆசிய வளர்ச்சி வங்கிக்கும் தவணை தவறாமல் கட்டிக்கொண்டே இருந்தது. அதனால்தான் அவற்றால் புதுக்கடன் கொடுக்க முடிந்தது. ஜப்பான் கடனில் நடந்த கட்டுநாயக்க விமான நிலைய விரிவாக்கம் போன்றவை அப்படியே நின்றன. ஆனால் ஒரு நாட்டின் கடன் சுமையைக் குறைக்கும்போது இந்த இரு வங்கிகளின் கடன் வெட்டுப்படாது. வெட்டு மற்றவர்கள் தலையில்தான் விழும். அந்தச் சலுகைக்கு ஈடாக அவை வசூலிப்பதைவிட அதிகமாகக் கொடுத்தாக வேண்டும். எந்த ஆண்டாவது கொடுத்ததைவிட வாங்கியது அதிகம் என்றால், உத்தி அறிக்கையில் என்ன எழுதியிருந்தாலும் அந்த ஆண்டில் அவை நாட்டுக்கு உதவவில்லை என்றுதான் பொருள்.

வங்கியைத் தேற்றாமல் கடன் ஓடாது

2023-ல் பெரிய தொகைகள் கொள்கைக் கடனாக வந்தன. இவ்வகைக் கடனில் பாலமோ பள்ளியோ கட்டப்படுவதில்லை. குறித்த சட்டங்கள் நிறைவேறியதும் பணம் நேராகத் திறைசேரிக்கு, அதாவது அரசுக் கருவூலத்துக்குப் போகும். ஆசிய வளர்ச்சி வங்கி மே மாதம் 35 கோடி டாலரும் டிசம்பரில் நிதித்துறைச் சீர்திருத்தத்துக்கு 20 கோடியும் கொடுத்தது. உலக வங்கி ஜூனில் வரவுசெலவுக்கு 50 கோடியும் சமூகப் பாதுகாப்புக்கு 20 கோடியும், அக்டோபரில் வைப்புக் காப்பீட்டுக்கு 15 கோடியும் ஒப்புக்கொண்டது.

வங்கி நொடித்தால் மக்களின் வைப்புப் பணத்துக்குப் பொறுப்பேற்கும் வைப்புக் காப்பீட்டுக்கு ஏன் கடன் என்று தோன்றலாம். அரசு வங்கிகள் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்கும் அரசின் பிற நிறுவனங்களுக்கும் அள்ளிக் கொடுத்திருந்தன. அரசின் டாலர் பத்திரங்களையும் கையில் வைத்திருந்தன. அரசு கடனைக் கட்டவில்லை என்றால் முதலில் ஓட்டையாவது இந்த வங்கிகள்தான். 2024 வரவுசெலவுத் திட்டம் வங்கிகளின் மூலதனத்தைத் தேற்ற 45,000 கோடி இலங்கை ரூபாய் ஒதுக்கியதும் அதனால்தான். ஓட்டையான வங்கியிடம் சிறுதொழிலுக்குக் கொடு என்று கடன்நிதியைக் கொடுத்தால், அது அரசு கடன் வாங்க விற்கும் திறைசேரி உண்டியலை வாங்கிப்போட்டு உட்கார்ந்துகொள்ளும். அரசே இருபதுக்கு மேல் வட்டி கொடுத்த காலத்தில், சேற்றில் நடந்து போய்த் தோட்டக்காரரின் எல்லைக்கல்லைப் பார்க்க எந்த மேலாளருக்கும் தலையெழுத்தில்லை. அரசின் வட்டி இறங்கிய பிறகுதான் கடன்நிதித் திட்டம் வர வேண்டும். இந்த வரிசையை மாற்றிய நாடுகள் பணத்தை வீணாக்கியிருக்கின்றன.

ஒரு ஏக்கர், பத்து லட்சம்

வளர்ச்சிக் கடன் தோட்டத்துக்கு வரும் வழி இது: வெளிநாட்டு வங்கி திறைசேரிக்கு டாலரில் கொடுக்கும், திறைசேரி உள்ளூர் வங்கிகளுக்கு ரூபாயில் கொடுக்கும், வங்கி தோட்டக்காரருக்குக் கொடுக்கும். ஒவ்வொரு கைமாற்றிலும் ஒரு இடர் யார் தலையிலாவது ஏறும். மிகப் பெரியது நாணய இடர். 10 கோடி டாலரை 200 ரூபாய்க் கணக்கில் வாங்கினால் 2,000 கோடி. டாலர் 360 ஆனால் அதே கடன் 3,600 கோடி. இடையிலிருக்கும் 1,600 கோடியைத் தோட்டக்காரர் தாங்க மாட்டார். வங்கி தாங்கினால் வங்கி போகும். ஆகவே திறைசேரிதான் தாங்க வேண்டும். அதற்கென்று வட்டியில் ஒரு சிறு பங்கைப் பிடித்துத் தனிக் கணக்கில் ஆண்டுதோறும் போட்டு வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் வட்டி மலிவு என்று விளம்பரம் செய்வது, நாளைய வரியை இன்றைக்கே செலவழிப்பது.

இனி தோட்டத்துக்கு வருவோம். கிழட்டுச் செடியைப் பிடுங்கிவிட்டு உடனே புதுச்செடி நட முடியாது. மண் தேற வேண்டும். குவாத்தமாலாப் புல்லோ மானாப் புல்லோ போட்டு, அவ்வப்போது வெட்டி அங்கேயே பரப்பி, ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு விட வேண்டும். இந்த இரண்டு ஆண்டைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் நட்ட செடியில் பாதியை முதல் வறட்சியிலேயே இழக்கிறார்கள். பிறகு நான்கடிக்கு இரண்டடி இடைவெளியில் ஏக்கருக்கு ஐயாயிரத்துச் சொச்சம் நாற்று. அதைக் கவாத்து செய்து கிளை விரியப் பழக்க வேண்டும். கணக்கில் வைக்கும்படியான கொழுந்து வர நட்டபின் இரண்டு, மூன்று ஆண்டு. ஆக, பிடுங்கிய நாளிலிருந்து நான்கைந்து ஆண்டு வருமானமில்லை. வங்கிகள் வழக்கமாகத் தரும் ஆறு மாத, ஓராண்டுத் தவணை விடுப்பு இங்கே கேலிக்கூத்து.

பத்து லட்ச ரூபாய், 12 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொள்வோம். முதல் நாளே முழுத்தொகையும் கொடுத்து, வட்டியை அசலோடு சேர்த்துக்கொண்டே போனால் நான்காம் ஆண்டு முடிவில் கடன் 15.74 லட்சம். வேலைக்குத் தக்கபடி பிரித்துக் கொடுத்தால்? பிடுங்க, வடிகால் வெட்ட, புல் போட முதலில் 3 லட்சம். இரண்டாண்டு கழித்துக் குழிக்கும் செடிக்கும் நடவுக்கும் 5 லட்சம். மூன்றாம் ஆண்டு முடிவில் உரத்துக்கும் களைக்கும் 2 லட்சம். நான்காம் ஆண்டு முடிவில் பாக்கி 13.23 லட்சம். ஒரு காசு மானியமில்லாமல் இரண்டரை லட்சம் மிச்சம். மூன்று முறை தோட்டத்துக்குப் போய்ப் பார்க்கும் அலுவலர் ஒருவருக்கு ஆகும் செலவு இதில் ஒரு துளி. இதோடு தோட்டத்தையும் மூன்று கூறாக்கி ஒவ்வொன்றாக மாற்றினால், மற்ற இரண்டு கூறின் கொழுந்தில் வீட்டுச் செலவாவது ஓடும்.

வட்டி சந்தையோடு ஏறி இறங்க விடப்பட்டால் கணக்கு மாறிவிடும். 2022 இறுதியில் இலங்கையில் முதல்தர வாடிக்கையாளருக்கான வட்டியே 25 விழுக்காட்டைத் தாண்டியது. அந்த வட்டியில் அதே பத்து லட்சம் நான்காண்டில் 24 லட்சத்துக்கு மேல். ஆகவே நீண்டகாலக் கடனில் வட்டிக்கு மேல்வரம்பு கட்டுவது சலுகை என்ற பேச்சுக்கே இடமில்லை. அது இல்லாத மறுநடவுக் கடனை வாங்கக்கூடாது என்றுதான் சொல்வோம்.

வசூலுக்குச் சொல்லப்படும் வழி, தொழிற்சாலையில் கொழுந்துக் கணக்கில் பிடித்துக்கொள்வது. இலங்கையில் விற்றுவந்த பணத்தில் 68 விழுக்காடு கொழுந்து கொடுத்தவருக்கு, 32 தொழிற்சாலைக்கு என்பது சூத்திரம். கேட்க எளிது. ஆனால் கூட்டுறவுத் தொழிற்சாலைக்குப் போக வேண்டிய கொழுந்து இரண்டு ரூபாய் கூடுதலுக்குக் கையில் காசு கொடுக்கும் ஏஜென்ட் வண்டியில் ஏறிப்போவது நீலகிரியில் புதிதல்ல. கடன் பிடித்தம் தொடங்கும் மாதத்தில்தான் அது அதிகமாகும். பிடித்தம் மாதக் கொழுந்துப் பணத்தில் நாலில் ஒரு பங்கைத் தாண்டினால் கொழுந்து கைமாறும். விலை சரிந்த மாதத்தில் பிடித்தத்தைக் குறைத்து, தவணை எண்ணிக்கையை நீட்டும் விதி ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். தொழிற்சாலையே கடனில் மூழ்கியிருந்தால், பிடித்த பணம் வங்கிக்குப் போய்ச்சேருமா என்பது வேறு கேள்வி.

ஈடு என்ற முட்டுக்கட்டை

கூடலூர், பந்தலூரில் பிரிவு 17 என்றால் குழந்தைக்கும் தெரியும். 1969-ம் ஆண்டுக் கூடலூர் ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தில் அந்தப் பிரிவின்கீழ் வரும் நிலத்துக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் வங்கியில் ஈடு இல்லை. ஈடு இல்லாததால் கையில் இருக்கும் ஒரே வழி நகைக்கடன். பத்து நிமிடத்தில் கிடைக்கும், ஓராண்டில் திருப்ப வேண்டும். ஐந்தாண்டு மறுநடவை ஓராண்டு நகைக்கடனில் செய்தவர்கள் நகையையும் இழந்தார்கள், செடியையும் பாதியில் விட்டார்கள்.

இலங்கையில் இதே முடிச்சுக்கு வேறு பெயர். 1935-ம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கொடுக்கப்பட்ட அனுமதிப்பத்திரத்தை வைத்துப் பரம்பரையாகப் பயிரிடலாம். தனியார் வங்கி அதை ஈடாகத் தொடாது. மலையகத் தோட்டத் தொழிலாளியின் நிலை இன்னும் கீழே: லயம் என்ற தோட்டக் குடியிருப்பு வரிசையில் இருக்கும் அறைக்கே உறுதிப்பத்திரம் இல்லாதவருக்குச் சிறுதொழில் கடன்நிதி என்பது செய்தித்தாளில் படிக்கும் விஷயம். 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும உதவித்தொகையிலும் பட்டியலில் விடுபட்டோரின் மேன்முறையீடு லட்சக்கணக்கில் குவிந்தது. கடனுக்கும் உதவிக்கும் இடையில் இருக்கும் இந்தக் கூட்டத்துக்கு ஈடில்லாக் கடன்தான் வழி.

அதற்கான கருவி, கடன் திரும்பாவிட்டால் வங்கியின் இழப்பில் ஒரு பங்கை ஏற்கும் கடன் உத்தரவாத நிறுவனம். ஆசிய வளர்ச்சி வங்கியின் உதவியோடு, அரசும் வங்கிகளும் பங்குதாரர்களாக, இலங்கையில் தேசிய கடன் உத்தரவாத நிறுவனம் தொடங்கப்பட்டிருக்கிறது. சரியான திசை, ஆனால் எல்லாம் இழப்பீடு எவ்வளவு வேகமாகக் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்தியாவில் 2000-ல் மத்திய அரசும் சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியும் தொடங்கிய சிறுதொழில் உத்தரவாத நிதியம் நல்ல பாடம். அதன் நெடுநாள் விதிப்படி கடன் கொடுத்து 18 மாதம் கழியாமல் கோர முடியாது, பொதுவாக வழக்கு போட்டால்தான் உத்தரவாதத் தொகையில் 75 விழுக்காடு, மீதி பின்னால். ஐந்தாண்டு கொழுந்து வராத கடனுக்கு இந்த விதியை அப்படியே பெயர்த்து வைக்கக்கூடாது. முழு இழப்பையும் உத்தரவாதம் ஏற்றால் வங்கி கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கும். பாதிக்குக் கீழே ஏற்றால் கொடுக்கவே கொடுக்காது. மூன்றில் இரண்டு பங்கு, கோரிக்கை வந்த மூன்று மாதத்தில் பணம்: கிளை மேலாளர் நம்பும் கணக்கு அது. வறட்சியில் செடி செத்ததையும் வேண்டுமென்றே கட்டாததையும் பிரித்துப் பார்க்கத் தேயிலை தெரிந்த ஆளும் வேண்டும். உத்தரவாத நிறுவனங்களில் வழக்கறிஞர் நிறைய இருப்பார்கள், இந்த ஆள் இருக்க மாட்டார்.

வசூல் பக்கமும் சும்மா இல்லை. நீதிமன்றத்துக்குப் போகாமல் ஈட்டை ஏலம்விடும் பராட்டே அதிகாரத்தை இலங்கை நாடாளுமன்றம் 2024 டிசம்பர் 15 வரை நிறுத்திவைத்தது. பிறகு 2025 மார்ச் 31 வரை நீட்டித்தது. நொடித்த தொழில்களுக்கு மூச்சுவிட இடம் வேண்டும்தான். ஆனால் எப்போது முடியும் என்று தெரியாத நிறுத்தம் புதுக் கடனையும் நிறுத்திவிடும். மொத்தமாக நிறுத்துவதைவிட, மறுசீரமைப்புக்கு ஒப்புக்கொண்டு தவணை கட்டுகிறவருக்கு மட்டும் ஏலத்தடை என்று வைத்திருந்தால் இரண்டு தரப்பும் மேசைக்கு வந்திருக்கும்.

வளர்ச்சி வங்கி ஏன் சாதாரண வங்கியாகிறது

2025 வரவுசெலவுத் திட்டத்தில் இலங்கை அரசு சிறு, நடுத்தரத் தொழிலுக்கென வளர்ச்சி வங்கி ஏற்பாடு ஒன்றை அறிவித்தது. அந்நாட்டுக்கு இது முதல் தடவையல்ல. 1955-ல் தொடங்கிய டிஎஃப்சிசி ஆசியாவின் ஆரம்பகால வளர்ச்சி வங்கிகளில் ஒன்று. 1979-ல் என்டிபி வந்தது. இரண்டும் இன்று வணிக வங்கிகள். இந்தியாவில் ஐசிஐசிஐ 2002-லும் ஐடிபிஐ 2004-லும் அதே வழியில் போயின. ரெப்கோ வங்கியின் கிளைக்குப் போனாலும் இன்று கண்ணில் படுவது நகைக்கடன், வீட்டுக்கடன், வைப்பு வட்டிப் பலகை.

இதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் காரணமில்லை. பத்தாண்டுக் கடன் கொடுக்கப் பத்தாண்டுப் பணம் வேண்டும். மத்திய வங்கியும் அரசும் கொடுத்துவந்த மலிவான நீண்டகாலப் பணம் நின்றதும், மக்களின் ஓராண்டு வைப்பை நாடியாக வேண்டும். ஓராண்டுப் பணத்தை மறுநடவில் போட்டால் மூன்றாம் ஆண்டு வங்கியே தள்ளாடும். நகையில் போட்டால் நிம்மதி. ஆகவே புதிய வங்கியின் பெயர்ப்பலகையைவிட அதன் பணம் எத்தனை ஆண்டுக்கானது என்பதை முதலில் கேட்க வேண்டும். ஓய்வூதிய நிதியோ நீண்டகாலப் பத்திரமோ பின்னால் இல்லாமல், அரசு வங்கிக்குள் ஒரு மேசை போட்டுத் தொடங்கினால் அது மேசையாகவே இருக்கும்.

டேன்டீயின் கதை இதன் மறுபக்கம். நடுவதற்குப் பணம் கிடைத்தது, மறுநடவுக்குக் கிடைக்கவில்லை. செடிக்கு வயதானது, நட்டம் ஏறியது, 2022-ல் ஒரு பகுதி நிலத்தை வனத்துறையிடம் திருப்பிக்கொடுக்க அரசாணை வந்தது. தேயிலையில் ஆண்டுக்கு 2 விழுக்காட்டுப் பரப்பையாவது புதுப்பிக்க வேண்டும் என்பது இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் நெடுநாள் பரிந்துரை. அங்கேயும் தோட்டங்கள் அதை எட்டவில்லை.

கட்டணம் பற்றி ஒரு சொல். தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டவும் உருட்டவும் மின்சாரம் வேண்டும். இலங்கை 2022 ஆகஸ்டில் மின்கட்டணத்தைச் சராசரியாக 75 விழுக்காடும், 2023 பிப்ரவரியில் 66 விழுக்காடும் ஏற்றியது. 2025 ஜனவரியில் 20 விழுக்காடு குறைத்தது. ஜூனில் மறுபடி 15 விழுக்காடு ஏற்றியது. அடக்கவிலைக்குக் கட்டணம் என்ற விதி சரி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இப்படி ஆடினால் எந்தத் தொழிற்சாலை எந்திரக் கடனுக்குத் திட்ட அறிக்கை எழுதும்? விதியைப் போலவே அதை எப்போது, எவ்வளவு மாற்றலாம் என்ற வரம்பையும் மின்துறைக் கடனின் நிபந்தனையாக வைத்திருக்கலாம்.

2024 ஜூன் 26-ல் கடன்கொடுத்த அரசுகளோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி, அவற்றுக்கான தவணைகள் 2028 வரை தள்ளிவைக்கப்பட்டிருக்கின்றன. 2024-ல் புல் போட்ட ஒரு ஏக்கரில் கணக்கில் வைக்கும்படி கொழுந்து வருவதும் ஏறக்குறைய அதே 2028-ல்தான். அதற்குப் பிறகு பிடுங்கும் தோட்டம் அந்தத் தவணையின் தொடக்கத்துக்கு உதவாது.